நல்ல புத்தகம் என்று எழுதித் தராத குணசுந்தரி மேடம்

குணசுந்தரி மேடம் காலமான செய்தி எங்கள் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. போட்டவர் எங்கள் துறைத் தலைவர். மேடத்தின் படம் ஒரு மூலையில் சிறிதாக இருந்தது. இரங்கல் தெரிவிப்பவர் என்ற முறையில் கோட்டும் டையுமாகத் துறைத் தலைவரின் படம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பெயருக்குக் கீழே 'நூலாசிரியர்' என்றும் போட்டிருந்தார். எழவு வீட்டிலும் விளம்பரம் செய்யத் தெரிந்த மனிதர். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த அஞ்சலியையும் தன் புத்தகத்துக்கு வந்த மதிப்புரை என்று சொல்லிக்கொள்வார்.

மேடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் களமருதூரில் நெல் பயிரிடும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். தினமும் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, கள்ளக்குறிச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரிக்கு வந்து கணினி நிரலாக்கம் கற்பித்தார். அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரைக் கண்டால் பயம். பதிப்பக ஏஜெண்டுகளுக்கு என்னைவிடப் பயம்.

காரணம், அவர் புத்தகத்தைப் பார்க்கும் முறை. முன்னுரையைப் படிக்க மாட்டார். முதல் அத்தியாயத்தைத் தொடவும் மாட்டார். நேரே கடைசி அத்தியாயத்துக்குப் போய், அங்கே இருக்கும் கடைசி நிரலை அச்சில் உள்ளபடியே, ஒரு புள்ளிகூடத் திருத்தாமல் கணினியில் அடித்து ஓட்டிப் பார்ப்பார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "மொத பக்கமெல்லாம் எவனோ எழுதனத பாத்துக்கினு எழுதியிருப்பான் சார். கடசி அத்தியாயத்துலதான் ஆளு தனியா மாட்டுவான்" என்றார்.

கடுமையான புத்தகங்களை அவர் வெறுத்ததில்லை. தலையணை கனத்தில் ஒரு வெளிநாட்டுப் புத்தகம், நாங்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டு அலமாரியில் வைத்தது, அதை ஒரு கோடை விடுமுறை முழுக்க வைத்துப் படித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, கஷ்டமாக இருக்கிறது, ஆனால் ஏமாற்றவில்லை என்று பதில் வந்தது. அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை நான் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் துறைத் தலைவர் தன் புத்தகத்தைக் கொண்டுவந்தார். மேம்பட்ட நிரலாக்கம் பற்றிய பாடநூல். அட்டையில் ராக்கெட் ஒன்று பறந்தது. உள்ளே எதுவும் நகரவில்லை. முன்னுரையில் மாமனார், மச்சான், குலதெய்வம் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார். யாரிடமிருந்து நிரல்களை எடுத்தாரோ அவர்களை மட்டும் மறந்துவிட்டார். பின்னட்டையில் போட மேடத்திடம் நாலு வரி வேண்டும் என்றார். மேடம் எதையும் லேசில் புகழ மாட்டார் என்பது மாவட்டம் முழுக்கத் தெரியும், அதனால் அந்த நாலு வரிக்கு மதிப்பு அதிகம். என்னிடம் அவர் கேட்கவில்லை. என் பாராட்டுக்குச் சந்தையில் விலை இல்லை.

பின்னட்டைக்கு வரி கிடைக்கும் முன்பே அந்தப் புத்தகத்தைத் தன் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்துவிட்டார். அந்த வகுப்பில் பழனியம்மாள் என்றொரு பெண். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் உள்ளே, சாமை விதைக்கும் வீட்டிலிருந்து வந்தவள். அவள் ஊரிலிருந்து பொறியியல் படிக்க இறங்கி வந்தது அவள்தான் முதல். ஒரு நாள் மேடத்தின் மேசைக்கு வந்து நின்றாள். புத்தகத்தில் இருக்கிற நிரலை எத்தனை முறை அடித்தாலும் ஓடவில்லை என்றாள். அதை அவள் புத்தகத்தின் மேல் புகாராகச் சொல்லவில்லை. "பொஸ்தகத்துல சரியாத்தான் இருக்குது மேடம். எனக்குத்தான் மண்டைல ஏறல. டிசி வாங்கிக்கினு ஊருக்கே போயிடறேன்" என்றாள்.

மேடம் அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். வழக்கம்போலக் கடைசி நிரல். அடித்தார், ஓடவில்லை. பிறகு நிதானமாகப் படித்தார். ஒரு பக்கத்தின் அடியில் பாதியில் நின்ற நிரல், மறுபக்கத்தில் வேறெங்கோ தொடங்கியது. நடுவில் சில வரிகள் காணாமல் போயிருந்தன. அதற்குக் கீழே கட்டம் கட்டி, விடை மட்டும் அழகாக அச்சாகியிருந்தது. மேடம் என் பக்கம் திரும்பி, "ஒல வெக்காத வூட்டுல உப்பு சரியா இருக்குதுன்னு சொல்றாங்க சார்" என்றார். மற்ற அத்தியாயங்களையும் பார்த்தார். பெரும்பாலும் அதே லட்சணம்தான்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான். புத்தகம் மோசம் என்பதற்காக அல்ல. மோசமான புத்தகங்களை அவர் ஏராளமாகப் பார்த்திருக்கிறார். அச்சில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய ஒரு பிள்ளை, தன்னை மக்கு என்று முடிவுகட்டிப் படிப்பையே விடப் போனது அவருக்குப் பொறுக்கவில்லை.

துறைத் தலைவரிடம் போய் மரியாதையாகவே கேட்டார். லேபில் கணினிகள் பழையவை என்று பதில் வந்தது. அப்படியானால் பிள்ளைகள் முன்னால் நீங்களே ஒருமுறை அடித்துக் காட்டுங்கள் என்று அழைத்தார். மனிதர் வந்தார். தன் புத்தகத்தைத் தானே படித்ததில்லை என்பதால் தைரியமாகவே வந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். ஓடவில்லை. கீபோர்டைக் குறை சொல்லி அடுத்த கணினிக்கு மாறினார். அதிலும் ஓடவில்லை. கடைசியில் எழுந்து நின்று, இது புரிந்துகொள்வதற்காகப் போட்ட நிரல், ஓட்டுவதற்காகப் போட்டதல்ல என்றார். பெட்ரோல் ஊற்றாமல் பார்த்து ரசிக்க வண்டி விற்பவனைப் போல.

"அப்போ கட்டம் கட்டன இந்த விடை எங்கேர்ந்து சார் வந்திச்சு?" என்று மேடம் கேட்டார்.

துறைத் தலைவருக்கு உடனே ஒரு மீட்டிங் ஞாபகம் வந்தது. அவர் போன பிறகு பழனியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ தப்பு என்னுது இல்லீங்களா மேடம்?"

"உன்னுது இல்லம்மா. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். டிசி பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு அந்தப் புத்தகம் பாடநூலாக வைக்கப்பட்டது. நீங்கள் வேறு எதையாவது எதிர்பார்த்திருந்தால் தனியார் கல்லூரிகளில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். மேடத்தை மேல் வகுப்புகளிலிருந்து எடுத்து முதலாமாண்டுக்கு அனுப்பினார்கள். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஒவ்வொரு பதிப்பின்போதும் நாலு வரி கேட்டு ஆள் வந்தது. எழுதிக் கொடுத்தால் பதவி உயர்வு தானாக நகரும் என்று குறிப்பாகவும் சொன்னார்கள். எழுதித் தொலைக்கக் கூடாதா, யார் பின்னட்டையைப் படிக்கிறார்கள் என்று நானே சொன்னேன். "நான் நல்லாருக்குதுன்னு எழுதிட்டா, ஓடாதப்போ புள்ளைங்க தன்னையேதான் திட்டிக்கும் சார்" என்றார்.

போன வாரம் வீட்டில் மயங்கி விழுந்தவர் கண் விழிக்கவே இல்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள்.

களமருதூருக்கு நாங்கள் கல்லூரி பஸ்ஸில் போனோம். சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பழனியம்மாள் எங்களுக்கு முன்பே வந்து, மேடத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். துறைத் தலைவர் ஆளுயர மாலையைப் போட்டார், போட்டோ எடுக்கும்வரை கையை மாலையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு மேடத்தின் கணவர் ராமலிங்கத்திடம் போய்க் குனிந்தார். அடுத்த பதிப்பை மேடத்துக்கே சமர்ப்பிக்கப் போவதாகவும், பின்னட்டையில் அவர் படத்தைப் போட்டு, இந்நூலின் பயனை உணர்ந்தவர் என்று எழுதப் போவதாகவும், நல்ல படமாக ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். வெட்கம் என்ற ஒன்றை அந்த மனிதருக்குக் கடவுள் வைக்கவே இல்லை. நிலத்தோடு கிடக்கும் மனிதர், பெரிய சார் கேட்கிறாரே என்று கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

ராமலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ ஒரு நாளாச்சும் அந்த பொஸ்தகம் நல்லாருக்குதுன்னு சொன்னாளாங்க?"

துறைத் தலைவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

"சொல்லலீங்க. ஒரு நாளும் சொல்லல" என்றாள் பழனியம்மாள்.

"அப்போ வாணாங்க" என்றார் ராமலிங்கம். "உசுரோட இருந்தப்போ சொல்லாதத, செத்தப்புறம் சொல்ல வெக்காதீங்க."

பாடை கிளம்பியது. தெருமுனைவரை வந்த பழனியம்மாள் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். வயல் வரப்பில் அவரைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் பின்னால் நடந்தேன்.

போய் வாருங்கள், மேடம். எந்தப் பொய்ப் புத்தகத்தின் முதுகிலும் உங்கள் பெயர் இல்லை.