எட்டுக் குச்சி நட்ட வரப்பு

என் மனைவி இருபத்திரண்டு ஆண்டுகளாக நர்ஸ். போன வருடம் தஞ்சாவூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு நேர்காணல் போனாள். மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, இத்தனை வருடத்தில் என்ன அச்சீவ் செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். இவள் "ஐ ட்ரைடு" என்றாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. என் டைரியில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான்: "மாலை 4.20 வீடு வந்தாள். காபி வேண்டாம் என்றாள்."

இந்த வருடம் அதே வேலைக்கு மறுபடி அழைப்பு வந்தது. அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே இதுதான் கடைசி.

ஆங்கிலம் தெரியாதவள் அல்ல. கேஸ் ஷீட் எல்லாம் அதில்தான் எழுதுகிறாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால்தான் முயற்சி, பாடு, சாதனை எல்லாவற்றுக்கும் ட்ரை என்ற ஒரே சொல் வந்து நிற்கும். எனக்கோ எதையும் வரிசையாக அடுக்காவிட்டால் சோறு இறங்காது. சொற்களை உழைப்பின் அளவுப்படி அடுக்கினேன்: ட்ரை, அட்டெம்ப்ட், எஃபர்ட், ஸ்ட்ரைவ், ஸ்ட்ரகிள், மேனேஜ், அக்காம்ப்ளிஷ், அச்சீவ். மேனேஜை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். மழையில் நனைந்த நெல்லைக் காயவைத்துக் கொள்முதல் நிலையத்தில் தள்ளிவிட்டு வந்தால் அது மேனேஜ்தான், அச்சீவ் ஆகாது என்று அவளே தீர்ப்புச் சொன்னாள்.

காலையில் அவள் எங்கள் வயல் வரப்பில் நடப்பது வழக்கம், வாய்க்கால் மதகிலிருந்து மோட்டார் கொட்டகை வரை. அந்த வழியில் முழ நீளத்தில் எட்டு மூங்கில் குச்சி நட்டு, தலையில் சிவப்புப் பெயிண்டால் ஒவ்வொரு சொல்லை எழுதிவிட்டால், ஒவ்வொன்றிலும் நின்று ஒரு வாக்கியம் சொல்லிப் பழகலாம். காலை 6.10க்கு டேப் பிடித்துப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக நட்டேன். ஒரு அங்குலம் பிசகவில்லை. அதுதான் வினையாயிற்று.

எங்கள் பக்கம் வயலில் ஒருவன் டேப் பிடித்து, சிவப்புத் தலைக் குச்சிகளை நேர்கோட்டில் நட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எரிவாயுக் கம்பெனி குழாய் பதிக்க வருகிறது. 7.40க்கு வரப்பில் நாற்பது பேர். பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்று முடிகளைப் போட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து நின்றார்கள். ரோட்டில் ஒரு டிராக்டரைக் குறுக்கே நிறுத்தியாகிவிட்டது. விவசாயிகள் சங்கத்து முக்கியஸ்தர், எனக்குச் சித்தப்பா முறை, பச்சைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனில் ஆள் திரட்டிக்கொண்டிருந்தார்.

நான்தான் நட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். நிலைமை இன்னும் மோசமானது. கம்பெனிக்காரனிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டேன் என்று முடிவு கட்டினார்கள். சித்தப்பா ஐந்தாவது குச்சியைத் தட்டிக் காட்டினார்.

"ஸ்ட்ரகிள்னு எழுதியிருக்கு. நாம போராடப் போறது இவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாருங்க."

அப்போதுதான் என் மனைவி வந்தாள், தலையில் ஈரத் துண்டோடு. கூட்டத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், இது என் நேர்காணலுக்கு இவர் நட்ட பாடம் என்று சொல்லிவிட்டு நேராக முதல் குச்சிக்குப் போனாள். முதலில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், பிறகு தமிழில் விளக்கம். மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு என்று நம்பி நாற்று விடுகிறோமே, அது ட்ரை. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் இன்ஜின் வைத்து இறைக்கிறோமே, அது ஸ்ட்ரகிள்.

நடவுப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "அப்ப நாங்க குனிஞ்சு நடுறது எதுல வரும் நர்சம்மா?"

"எஃபர்ட்."

"மூணாவது குச்சிதானா? இடுப்பு ஒடியுது. அஞ்சுக்குத் தள்ளுங்க."

தள்ளினாள். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சங்கம் மனு கொடுப்பது எதில் சேரும் என்றார். அவள் அட்டெம்ப்டைக் காட்டினாள். முப்பது வருடமாகக் கொடுக்கிறோமே என்றார் அவர். அதனால்தான் ட்ரையிலிருந்து ஒரு குச்சி ஏற்றியிருக்கிறேன் என்றாள். வரப்பே குலுங்கியது. ஒருவர் சிரித்த சிரிப்பில் கால் வழுக்கி நட்ட வயலுக்குள் உட்கார்ந்துவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம், நாற்பது பேர் முன்னால், பாதிக்கு மேல் ஆங்கிலத்தில். அவளுக்கே அது தெரியவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று நானும் சொல்லவில்லை.

டிராக்டரை நகர்த்தச் சொல்லிவிட்டுச் சித்தப்பா என்னிடம் வந்தார். "இனிமே பொண்டாட்டிக்குப் பாடம் எடுக்கிறதுன்னா சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டு எடு தம்பி."

நேர்காணல் அன்று அவள் பஸ் ஏறிய பிறகு குச்சிகளை எண்ணினேன். ஏழு. அச்சீவைக் காணோம். யாரோ ஆடு கட்டப் பிடுங்கிவிட்டார்கள் என்று இரண்டு வீட்டில் விசாரித்து, வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

மாலை 5.05 பஸ்ஸில் இறங்கினாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளே காய்ந்த சேற்றோடு எட்டாவது குச்சி.

அதே மூன்று பேர், அதே கேள்வி. குச்சியை மேசைமேல் வைத்து, வரப்பில் நடந்ததை முழுக்கச் சொல்லியிருக்கிறாள். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தாராம். இந்த நேர்காணல் எந்தக் குச்சி என்று கேட்டாராம்.

"ஏழு வரைக்கும் நான் நடந்துட்டேன், எட்டாவது உங்க மேசையில இருக்குன்னு சொன்னேங்க. ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்க."

வீட்டுக்குப் போகாமல் வயலுக்கே போனோம். நான் டேப்பை எடுத்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"கண்ணால பாத்து நடுங்க. மறுபடி டிராக்டர் வந்துடப் போவுது."

கண்ணால் பார்த்து நட்டேன். அரை அடி தள்ளி நிற்கிறது. டைரியில் அப்படியே எழுதியிருக்கிறேன், அதற்குக் கீழே: "காபி இரண்டு டம்ளர்."