எட்டாம் வகுப்புக்கு ஆறு காட்டினேன்

ஆசிரியத் தொழிலில் லேசான வேலை படிப்பிப்பது. உயிரை வாங்குகிற வேலை, படிப்பித்ததைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போய்த் தொண்டை கட்டித் திரும்பிய ஆசிரியர் யாராவது இதை வாசித்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சுன்னாகத்துக்கு அண்மையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்தேன். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கிற ஊர். நல்ல பிள்ளைகள், நல்ல செம்மண். குறை ஒன்றுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு இருக்கிறதே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். மாரியில் மட்டும் ஓடிவிட்டுப் பிறகு ஆடு மேய்கிற இடத்தை ஆறு என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கிளை நதி, வளைவு, கழிமுகம் என்று பிள்ளைகள் காணாத ஒன்றைப் பற்றி நானே மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

செல்வராணியின் ஆறு

ஒரு நாள் எட்டாம் வகுப்பில் ஆறு ஒன்றை வரையச் சொன்னேன். செல்வராணி வகுப்பில் கெட்டிக்காரி. தோட்டக்காரர் கந்தையரின் மகள். அவள்தான் முதலில் கொண்டுவந்து நீட்டினாள். படம் அழகாகத்தான் இருந்தது. மேலே ஒரு கிணறு. பக்கத்தில் இறைப்பு மெசின். மெசினிலிருந்து புகை கிளம்புகிறது. அங்கிருந்து புறப்பட்ட ஆறு வளைந்து நெளிந்து கடலுக்குப் போகிறது.

"ஆறு மலையிலை தொடங்கும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" என்று கேட்டேன். வகுப்பு சிரிக்கும் என்று பார்த்தால் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. செல்வராணி எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னாள்: "மலைக்கு மேலை கிணறு வெட்டினால் தண்ணி கனக்க ஆழத்திலையல்லோ சேர் கிடக்கும்? அதை ஆர் இறைக்கிறது?"

பெரிய வாத்தியாரின் தீர்ப்பு

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன், இந்த வகுப்பைப் பேராதனைக்குக் கூட்டிக்கொண்டு போய் மகாவலியைக் காட்டுவது என்று. முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. பையன்கள் நாளைக்கு உத்தியோகம் என்று கொழும்புக்குப் போவார்கள், வழியில் நாலு ஆற்றைக் காண்பார்கள். இந்தப் பிள்ளைகள் கலியாணம் கட்டினால் இந்தப் பக்கம் தெல்லிப்பழை, அந்தப் பக்கம் உரும்பிராய். இந்தச் சந்தர்ப்பம் போனால் ஆயுளுக்கும் ஆறு படத்தில்தான்.

தலைமை ஆசிரியரை நாங்கள் பெரிய வாத்தியார் என்போம். அவரிடம் போய் விசயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் பதில் சுலபமாக இராது. "பெட்டையளை விட்டிட்டுப் போனால் தாய்மார் என்னட்டை வருவினம். கூட்டிக்கொண்டு போனால் தேப்பன்மார் வருவினம். தேப்பன்மாரை நீர் சமாளிச்சால் பஸ் போகும், இல்லாட்டி ஒருத்தரும் போகேல்லை."

பங்குக் கிணறு

தகப்பன்மாரைச் சமாளிப்பது என்றால் கந்தையரைச் சமாளிப்பது. அவர் மகளை அனுப்பினால் அந்த ஒழுங்கை வீடுகள் எல்லாம் அனுப்பும். அவர் மறித்தால் ஒரு பெண்பிள்ளையும் வராது. அவரைத் தேடித் தோட்டத்துக்குப் போனபோது வெங்காயத்துக்கு இறைப்பு நடந்துகொண்டிருந்தது. மெசின் சத்தத்தில் நான் கத்த அவர் கத்த, எங்கள் பேச்சுவார்த்தை ஊருக்கே கேட்டது.

மகளை அனுப்ப அவருக்கு மனமில்லாமல் இல்லை. வில்லங்கம் கிணற்றில் இருந்தது. அது நாலு வீட்டுக்குப் பங்குக் கிணறு. முறை வைத்துத்தான் இறைப்பார்கள். நாங்கள் பேராதனையில் நிற்கப்போகிற சனிக்கிழமை கந்தையரின் முறை. இறைப்பு நாளில் அவர் மெசினோடு நிற்பார். மனைவி பொன்னம்மாவும் செல்வராணியும் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிரம்பியதும் அதை அடைத்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். அதற்குத் தண்ணி மாறுவது என்று பெயர். குனிந்த முதுகு நிமிராத வேலை. "ஆறு எங்கையும் ஓடிப்போகாது மாஸ்டர். முறை போயிடும்," என்றார் கந்தையர்.

சைக்கிளை எடுத்துத் திருப்பினேன். அதுவரை வெங்காயத்துக்குள் குனிந்து நின்ற பொன்னம்மா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, கந்தையரைப் பார்த்துத்தான் சொன்னார்: "பெட்டை போகட்டும். தண்ணி நான் தனிய மாறுறன். மெசினை என்ரை தம்பி வந்து பாப்பான். பெட்டையைத் தனிய விட ஏலாதெண்டால் நீங்களும் கூடப் போங்கோ. வேறை சாட்டுச் சொல்லாதையுங்கோ."

இரண்டு பஞ்சாங்கம், ஒரு பஸ்

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் ஏறியாகிவிட்டது, கட்டுச்சோற்று மூட்டைகள் ஏறியாகிவிட்டது, கந்தையரும் ஏறிவிட்டார். அப்போதுதான் ஒரு தகப்பனார் பஞ்சாங்கத்தோடு வந்து, மரணயோகம் முடியுமட்டும் பஸ் அசையக்கூடாது என்றார். சரி, பொறுப்போம் என்றேன். உடனே இன்னொரு தகப்பனார் வேறு பஞ்சாங்கத்தோடு வந்து, அது எப்போதோ முடிந்துவிட்டது, இனிப் பொறுத்தால்தான் கூடாத நேரம் என்றார். எங்கள் ஊரில் வாக்கியப் பஞ்சாங்கக்காரரும் திருக்கணிதப் பஞ்சாங்கக்காரரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவார்கள், ஒரே நேரத்தில் வெளிக்கிட மாட்டார்கள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பூமிசாஸ்திரத்தில் இதற்கு விடை கிடையாது.

சாரதி இறங்கி வந்தார். இப்படி எத்தனையோ பள்ளிக்கூடங்களைப் பார்த்த மனிதர். பஸ்ஸை இப்போதே எடுத்துப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்துவதாகவும், மற்ற நேரம் வந்ததும் அங்கிருந்து மறுபடி எடுப்பதாகவும் சொன்னார். இரண்டு தகப்பன்மாரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. அவர் என் காதோடு சொன்னார்: "ரெண்டு தரம் வெளிக்கிட்டால் என்ன மாஸ்டர், ஒருக்காத்தானே போய்ச் சேரப்போறம்."

காணாமல் போனவர்

சுற்றுலாவில் பிள்ளை தொலைந்துவிடுமோ என்ற பயம் எல்லா ஆசிரியருக்கும் உண்டு. எங்களுக்குப் பிள்ளைகள் தொலையவில்லை. விடிகிற நேரம் தம்புள்ளைக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். பிள்ளைகள் எல்லோரும் ஒழுங்காக ஏறிவிட்டார்கள். கந்தையரைக் காணவில்லை.

நானும் தையல் ரீச்சரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். பெண்பிள்ளைகளுக்குத் துணையாக வந்தவர் அந்த ரீச்சர். கடைசியில் பார்த்தால் கந்தையர் தெருவுக்குக் கீழே ஒரு வயலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கையில் ஒரு பிடி சேறு. எதிரே ஒரு சிங்களக் கமக்காரர். இவருக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் சேற்றைக் காட்டிக் காட்டிச் சுகமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிரிய மனமில்லாமல் பிரிந்து வந்தார். மாத்தளையில் நிறுத்தியபோது மறுபடியும் ஆளைக் காணவில்லை. தையல் ரீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "பிள்ளையளை நான் தனியப் பாக்கிறன் மாஸ்டர். நீங்கள் கந்தையரை மட்டும் பாருங்கோ."

மகாவலிக் கரையில்

பேராதனைப் பூங்காவின் விளிம்பில் மகாவலி வளைந்து போகிறது. மழை விட்ட கையோடு போயிருந்தோம், கரை முட்ட ஓடியது. நதியின் இளமைப் பருவம், முதுமைப் பருவம் என்று நான் தயார் செய்து கொண்டுபோன விளக்கத்தைத் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. வகுப்பில் இப்படி என்றால் பிரம்பை எடுத்திருப்பேன். அங்கே எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோசத்தில் என் பேச்சையே நான் பாதியில் விட்டுவிட்டேன். செல்வராணி கரையில் குந்தியிருந்து கையை நனைத்துப் பார்த்தாள். "இரவிலையும் ஓடுமோ சேர்?" என்று கேட்டாள். ஓடும் என்றேன். அவள் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கந்தையர் கொஞ்சம் தள்ளி நின்றார். நான் கிட்டப் போனதும், இது எங்கே போய் முடிகிறது என்று கேட்டார். திருகோணமலைப் பக்கம் போய்க் கடலில் விழுகிறது என்றேன். வழியில் கொஞ்சம் வயலுக்குப் போகும், மிச்சமெல்லாம் கடலுக்கு. அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில் இல்லை, வேர்வையும் இல்லை. அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் போய்விட்டது. "கடலுக்கோ?" என்றார். "மாஸ்டர், என்ரை மனிசி இப்ப அங்கை ஒரு கையளவு தண்ணியும் வீண்போகாமல் பாத்தி பாத்தியாய்க் குனிஞ்சுகொண்டு நிக்கிறாள்."

பொன்னம்மாவின் வழக்கு

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் பொன்னம்மா நின்றார். வெங்காயம் வாடிவிட்டதோ, தம்பி வராமல் விட்டுவிட்டாரோ என்று என்னென்னவோ நினைத்தேன். நான் கேட்க முன்னமே, வெங்காயத்துக்கு ஒரு குறையும் இல்லை, பொழுது சாய முன்னம் முழுப் பாத்தியும் பாய்ச்சி முடித்துவிட்டேன் என்றார். பிறகு சேலைத் தலைப்புக்குள் இருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்தார். உள்ளே கொஞ்சம் கலங்கல் தண்ணீர். எனக்குத் தெரியாமல் கந்தையர் மகாவலியில் அள்ளி, வீட்டுக்காரிக்குக் காட்டவென்று கொண்டுபோயிருக்கிறார்.

"ஓடுற தண்ணியைப் போத்திலுக்கை அடைச்சுக் கொண்டுவந்தால் நான் எப்பிடி மாஸ்டர் நம்புறது?" என்றார். "தேப்பனும் மகளும் வந்ததிலையிருந்து இதைத்தான் கதைக்கினம். மெசின் இல்லையாம், கிணறு இல்லையாம், ஒருத்தரும் மாறாமல் தன்ரை பாட்டிலை ஓடுதாம். உள்ளதே?" உள்ளதுதான் என்றேன். இரவிலுமா என்றார், மகளைப் போலவே. இரவிலும்தான் என்றேன். அவருடைய கைகளைப் பார்த்தேன், செம்மண் நகக்கண்ணில் ஏறிப்போயிருந்தது. வருடக்கணக்காக பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம், இந்தத் தாய்மாரை ஒருநாளும் வரச்சொல்லிக் கேட்டதில்லையே என்று மனதுக்குள் சுருக்கென்றது. பொன்னம்மா போத்தலைத் திரும்பச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். போகிற போக்கில், வழக்குத் தீர்ந்த மாதிரிச் சொன்னார்: "அடுத்த முறை பஸ் போகேக்கை தேப்பன் நிண்டு தண்ணி மாறட்டும். நான் வாறன்."

அடுத்த வருடம் பொன்னம்மா பஸ்ஸின் முன் இருக்கையில் இருந்தார். ஆகவே, சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டுத் தகப்பன்மாரின் பின்னால் சைக்கிள் மிதித்துக் களைத்துப்போன நண்பர்களே, நீங்கள் இவ்வளவு காலமும் பிழையான ஆளிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.