மேசைக் காலில் எட்டு ஓட்டைகள்

பிள்ளைகளே, நீங்கள் படிக்கிற மேசையின் கால்களில் மரத்தூள் குழைத்து அடைத்த எட்டு ஓட்டைகள் இருக்கின்றன. கறையான் அரித்ததோ என்று சின்னவன் கேட்டான். இல்லை. துளைத்தது நான்தான். ஏனென்று எழுதி வைக்கிறேன்.

அது சண்டைக் காலம். திருகோணமலை லிங்கநகர் வீட்டை விட்டு இரண்டு தடவை ஓடியிருந்தோம். முதல் தடவை உங்கள் அம்மாவின் கலியாண அலுமாரி போயிற்று. இரண்டாம் தடவை கட்டிலும் கதிரைகளும். திரும்பி வந்தபோது சுவர்தான் மிச்சம். அதன்பிறகு கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை எப்போதும் தொங்கும். உங்கள் பிறப்புப் பத்திரங்களும் மாற்றுடுப்பும் அதற்குள். ஓடும்போது அதைத் தூக்கினால் போதும்.

உங்கள் அக்காவுக்குப் பள்ளிச் சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது. பாயில் குப்புறக் கிடந்து எழுதுவாள். முழங்கை இரண்டும் காய்த்துப் போயின.

"அப்பா, எனக்கொரு மேசை வேணும்" என்றாள்.

நான் துறைமுகத்தில் சாமான் இறக்குகிற வேலை. அங்கே உடைத்துப் போடுகிற மரப்பெட்டிகளின் பலகையை, அனுமதித் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு எடுத்து வந்தேன். துண்டில்லாமல் காவலரணைத் தாண்ட முடியாது.

பலகையை அறுக்குமுன் நான் அளந்தது அக்காவின் கொப்பியை அல்ல, என் சைக்கிள் கரியரை. மேற்பலகை அதில் கட்டுகிற அளவாக இருக்க வேண்டும். கால்களுக்கு ஆணி அடிக்கவில்லை. காலுக்கு இரண்டு போல்ட் போட்டு நட் முடுக்கினேன். கழற்றினால் கால் நான்கு, பலகை ஒன்று, இழுத்து மூடுகிற லாச்சி ஒன்று. ஒரே கட்டாகக் கட்டலாம். எனக்குப் பெரிய சந்தோஷம்.

மூன்றாம் நாளே மேசை ஆடத் தொடங்கியது. பெட்டிப் பலகை மென்மையானது; போல்ட் ஓட்டைகள் பெருத்துவிட்டன. அக்கா இலங்கைப் படம் கீறிக்கொண்டிருந்தாள். பென்சில் வழுக்கித் திருகோணமலை கடலுக்குள் போயிற்று.

"அப்பா, நான் பாயிலயே இருந்து எழுதுறன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "மேசையே எந்தப் பக்கம் ஓடுவமெண்டு நிக்குது. பிள்ளை எப்பிடி எழுதிறது?"

"திரும்ப ஓட வேண்டி வந்தா என்ன செய்யிறது?" என்று அவளிடம் கேட்டேன்.

"வந்தா விட்டிட்டுப் போவம். என்ர அலுமாரிய விட்டிட்டு வந்தனாங்கள்தானே, செத்தா போனம்? இப்ப பிள்ளைக்குச் சோதனை."



அடுத்த ஞாயிறு போல்ட்டுகளைக் கழற்றினேன். மேலே இன்னும் ஒரு பலகை சேர்த்தேன். இனிக் கரியரில் ஏறாது. மூட்டுகளுக்குப் பசை தடவி, நீள ஆணி அடித்து, கால்களுக்குக் குறுக்குச் சட்டமும் வைத்தேன். பழைய ஓட்டைகளை அக்காதான் அடைத்தாள். அம்மா மேசைமேல் ஏறி இருந்து பார்த்தாள்.

"ஓம், இது இனி எங்கயும் போகாது" என்றாள்.

பின்னேரம் எல்லோரும் கோயிலுக்குப் போனீர்கள். சண்டை முடிந்திருக்கவில்லை. தூரத்தில் வெடிச்சத்தமும் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை இறக்கி, உங்கள் மூன்று பேரின் பிறப்புப் பத்திரங்களையும் எடுத்தேன். மடிப்பை நீவி, மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன்.