காதில் பஞ்சோடு போன படம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து ஏறியதிலிருந்தே, இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் நான்கு வயது மகளுக்குச் சத்தம் ஆகாது. தேரோட்டத்தன்று வேட்டுச் சத்தத்துக்கு அவள் அழுத அழுகையில், தேரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்தோம். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அத்தனை பிள்ளைகளின் கூச்சலில் எப்படி உட்காருவாள்?

இந்தப் படத்தை அவளேதான் கேட்டாள். செல்போன் விளையாட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவன், கட்டம் கட்டமாகத் தாண்டி வெளியே வர வேண்டும். மொத்தம் மூன்று உயிர். முழுக்கச் சிரிப்புப் படம்.

என் கணவர் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். "காதுல பஞ்ச வச்சு விடு. தறிச் சத்தத்துல நாங்க இல்லையா?" என்று கிளம்பும்போதே ஒரு சுருள் பஞ்சைக் கொடுத்திருந்தார். ராஜபாளையத்தில் தியேட்டர் வாசலில் வைத்து, பயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே அடைத்துவிட்டேன். உள்ளே கதவை ஒட்டிய ஓர இருக்கைகளில் உட்கார்ந்தோம். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாயகன் ஒரு பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றான். பாட்டு நின்று தியேட்டரே அமைதியானது.

"குதி! குதீ!"

காது அடைத்திருந்ததால் தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாத் தலைகளும் திரும்பின. வெட்கத்தில் அவள் வாயைப் பொத்தப் போனேன். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவர், "ஏலே, பாப்பா சொல்லுதுல்லா, குதிலே!" என்று கத்தினார். அவனும் குதித்தான். விசில் பறந்தது.

அடுத்த பள்ளம் வந்தது. "பாப்பா, இப்பவா, பொறவா?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. நான்தான் குனிந்து, "உன்கிட்டதான் கேக்காங்க" என்று உரக்கச் சொன்னேன்.

"எங்கிட்டயா?"

நான் தடுப்பதற்குள் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை உருவிப் போட்டாள். "பொறுங்க... பொறுங்க... குதி!" தியேட்டர் முழுவதும் அவளோடு சேர்ந்து கத்தியது. அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"உக்காரு தாயி. பிள்ள சிரிக்கால்லா" என்றார் பின்வரிசை அம்மா.

உண்மைதான். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு இருக்கை மேலேயே ஏறி நின்றுகொண்டாள். தொண்டை கட்டிவிடுமோ, பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்குமோ, இறக்கிவிடலாமா என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டம். ஒரே உயிர் மிச்சம். அவனைப் பிடிக்க வந்த ஒரு பூதத்தின் நிழல் தரையில் விழுவதை அப்போதுதான் கவனித்தேன்.

"ஏய், பின்னால பாரு!" என்று கத்தினேன்.

"பின்னால இல்லம்மா, மேல!" என்றாள் மகள், என் தோளைப் பிடித்து உலுக்கியபடி.

"மேல! மேல!" என்று நானும் எழுந்து நின்று கத்தினேன்.