இருப்பதிலேயே வெள்ளை

இன்று மந்தாரக்குப்பம் பல் கிளினிக்கில் காத்திருந்தேன். மைன்ஸ் ஷிப்ட் முடிந்து நேராக வந்த ஒருவன், ஹெல்மெட்டாலேயே மேஜைக் கண்ணாடியை நொறுக்கிவிட்டு டாக்டரின் சட்டையைப் பிடித்தான்.

"யோவ், நாளைக்கு எனக்கு நிச்சயதார்த்தம்! நீ ஒட்டுன முன்பல்லு ரெண்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குது!"

டாக்டருக்கு மூச்சுத் திணறியது.

"மேல ஒட்டுற செராமிக் மெல்லிசு தம்பி. உள்ள வைக்கிற சிமெண்ட் கலர் வெளிய தெரியும். ஒட்டுறதுக்கு முன்னாடி பல்லு கலர்லயே ட்ரயல் பேஸ்ட் வச்சுக் காட்டுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அது வேணாம், இருக்கறதுலயே வெள்ளைய வைங்கன்னு நீங்கதான் அடம் புடிச்சீங்க."

பின்னாலேயே வந்த அவன் அக்கா அவனை ஓங்கி அறைந்தாள்.

"டாக்டர் ஏமாத்திட்டார்னு சொல்லிகினு இருந்தியேடா!"

உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. டாக்டர் அவன் வாயைத் திறந்து பார்த்தார்.

"ஒட்டு அசையலைங்க."

அடுத்து என் பல். "எந்த கலர் வைக்கட்டும்?" என்றார்.

"உங்க இஷ்டம் சார்."

எனக்கும் ஓர் அக்கா உண்டு. உங்களுக்கு?