புரூஜில் விட்டுவிட்டுப் போன சம்பந்தி

சிவனேஸ்வரிக்கும் அவருடைய சம்பந்தி கமலாம்பிகைக்கும் இடையிலான பகை கல்யாண மண்டபத்திலேயே தொடங்கிவிட்டது. 1986ல், லண்டனில், சிவனேஸ்வரியின் ஒரே மகன் யோகராஜாவுக்கும் கமலாம்பிகையின் மகள் சிவமலருக்கும் தாலி ஏறிய கையோடு, பெண்ணின் தாய் யாரிடமோ சொன்னார்: "என்ர பிள்ளை கொஞ்சம் இறங்கித்தான் வந்திருக்கிறாள். லண்டன் மாப்பிள்ளை எண்டபடியால் விட்டிட்டம்." மாலைகளுக்குப் பின்னால் நின்ற சிவனேஸ்வரியின் காதில் அது முழுதாக விழுந்தது.

கல்யாணத்துக்கென்று வந்த கமலாம்பிகை திரும்பி யாழ்ப்பாணம் போய்விட்டார் என்பதால் நாலு வருடம் நிம்மதியாக இருந்தது. பிறகு அங்கே மறுபடி சண்டை மூண்டது, கமலாம்பிகையின் கணவர் இறந்தார், சிவமலர் தாயை அழைத்துக்கொண்டாள். தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் அவர்களுடையது மூன்று அறை வீடு. பெரியது புருசன் பெண்சாதிக்கு, சின்னது பிள்ளைகளுக்கு, பின்னறை இரண்டு தாய்மாருக்கும். இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஜன்னல். அதைத் திறப்பதா மூடுவதா என்பதில் ஐந்து குளிர்காலம் போனது.

சிவனேஸ்வரி சாதுவானவர் என்று நான் சொல்லவரவில்லை. கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது உடுத்த சேலையோடு வெளியேறி, மகனிடம் வந்தவர். எவரிடமும் கைநீட்டியதில்லை என்ற எண்ணம் அவருக்கு நிறைய. வாயும் நீளம். கமலாம்பிகை விடிய எழும்பித் தேவாரம் படித்தால், "கடவுளுக்குக் காது கேக்கும், மெல்லமாப் படியுங்கோ" என்பார். கமலாம்பிகை சமைத்த கறியை ஒதுக்கிவைத்துவிட்டு பாணுக்குப் பட்டர் பூசித் தின்பார். முழங்கால் இரண்டும் தேய்ந்து, வெளியே போவதென்றால் வீல்செயார் என்று ஆன பிறகு, அந்த வாய் இன்னும் கூர்மையானது.

95ம் ஆண்டு வசந்த காலத்தில் சிவமலர் ஒரு வழி கண்டுபிடித்தாள். குரொய்டனில் வயதுபோன தமிழருக்கான ஒரு சங்கத்தை நடத்திய டொலறஸ் என்ற பெண், பெல்ஜியத்திலுள்ள புரூஜ் என்ற பழைய நகரத்துக்குக் கோச் பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிப்போக ஒழுங்கு செய்திருந்தாள். ஓடித்திரியத் தேவையில்லை, ஆறுதலாக இருந்து பார்க்கலாம், வீல்செயாரும் போகும் என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ மாமி," என்றாள் சிவமலர். "அம்மா உங்களைத் தள்ளுவா."

"உன்ர அம்மா என்னைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறா," என்றார் சிவனேஸ்வரி.

யோகராஜா பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு வார இறுதி அமைதி. எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. தங்களை வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள் என்பதில் மட்டும் இரண்டு கிழவிகளும் ஒரே நேரத்தில் கோபப்பட்டார்கள், ஆனால் தனித்தனியாக.

கோச்சை ஏற்றிக்கொண்டு கடலைக் கடந்த கப்பலில் கமலாம்பிகை மற்றவர்களோடு மேல்தட்டுக்குக் கடல் பார்க்கப் போய்விட்டார். சிவனேஸ்வரி கீழே, சூதாட்ட மெசினுக்குப் பக்கத்தில் இருந்தார். ஹோட்டலில் இருவருக்கும் ஒரே அறை. அங்கேயும் ஒரு ஜன்னல் இருந்தது. மரக்கறி கேட்டவர்களுக்கு அவித்த கிழங்கு வந்தது. "உங்கட மகன் கட்டின காசுக்கு இதுதான் வரும்," என்று கமலாம்பிகை மேசை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

அடுத்த நாள்தான் நகரம் பார்க்கும் நாள். அழகான இடம்தான். வாய்க்கால்கள், அன்னங்கள், படி படியாக ஏறும் செங்கல் கூரைகள். ஆனால் தெரு முழுக்கக் கருங்கல் பதித்திருந்தது. ஒவ்வொரு கல்லும் சில்லில் ஏறி முதுகெலும்பு வரை வந்தது. வண்டிக் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு சின்னச் சதுக்கத்துக்கு வந்தபோது, சிவனேஸ்வரிக்குப் பற்கள் கூசின. கமலாம்பிகைக்கு மூச்சு வாங்கியது.

அங்கேயிருந்து எல்லாரும் படகில் போவதாக ஏற்பாடு. படகுத்துறையில் செங்குத்தான படிகள். வீல்செயார் இறங்காது.

டொலறஸ் கையைப் பிசைந்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி, இந்தப் படியை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. ஆரும் உங்களோட நிண்டால்..." அவளுடைய கண் கமலாம்பிகையிடம் போனது. "நீங்கள் சம்பந்திதானே."

கமலாம்பிகை சிரித்துக்கொண்டே, "ஓம், நான் நிக்கிறன், நீங்கள் போங்கோ," என்றார். கூட்டம் படிக்கட்டில் மறையும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு இருந்தது.

"உங்களாலை எனக்குப் படகும் இல்லை. கால் ஏலாதெண்டால் வீட்டில கிடந்திருக்கலாமே."

"நான் வரவெண்டு ஒற்றைக்காலில நிக்கேல்லை. உங்கட மகள்தான் அனுப்பினவள்."

"என்ர மகளின்ர வீட்டில இருந்து திண்டுகொண்டு என்ர மகளைக் குறை சொல்லுறியள்."

"அது என்ர மகன் வாங்கின வீடு."

"அப்ப மகனையே கூப்பிடுங்கோ தள்ள. நான் என்ன உங்கட வேலைக்காரியே?"

"போங்கோ. ஆர் மறிச்சது?"

கமலாம்பிகை பிரேக்கைப் போட்டார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த படகுக்கு நின்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

மழை தூறத் தொடங்கியது. சிவனேஸ்வரியின் வீல்செயார் நின்ற இடம் ஒரு சொக்லேட் கடையின் வாசல். கடைக்காரி வெளியே வந்து, அவருக்குப் புரியாத மொழியில் ஏதோ சொல்லி, கையால் விலகச் சொல்லிக் காட்டினாள். சிவனேஸ்வரி பிரேக்கை எடுத்துவிட்டு, சில்லைக் கையால் உருட்டிப் பார்த்தார். கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது, அசையவில்லை. கடைக்காரி பெருமூச்சு விட்டபடி இடுப்பில் கைவைத்து நின்றாள். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை.

கைப்பிடிகளை ஊன்றி எழுந்தார். சுற்றிப் பின்னால் போய், கதிரையின் முதுகைப் பிடித்து, வெறுங்கதிரையைத் தானே தள்ளினார். வலித்தது. என்றாலும் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்ததால் கால் நின்றது. கடைக்காரியைப் பார்த்து ஆங்கிலத்தில், "உங்கட சொக்லேட் பழுதாகப் போகுது, உள்ள போங்கோ" என்ற பொருளில் ஒன்று சொன்னார்.

எதிரே ஒரு சின்னப் பாலம், அதற்கு அப்பால் ஒரு பெரிய வாசல். மழைக்கு ஒதுங்கத்தான் போனார். பாலத்தின் ஏற்றத்தில் இரண்டு தடவை நின்று நின்று போய், உள்ளே நுழைந்தபோது சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. உயரமான மரங்கள், புல்லில் மஞ்சள் பூக்கள், சுற்றிவரச் சின்னச் சின்ன வெள்ளை வீடுகள். கறுப்பு உடுப்புப் போட்ட கன்னியாஸ்திரி ஒருவர் குடையோடு வந்து, நனையாத இடத்தில் கதிரையை வைத்து அவரை இருத்தினார். அவருக்கு ஆங்கிலம் தெரிந்தது. பல நூறு வருடங்களாக இங்கே பெண்கள் தனியாக வாழ்ந்தார்கள் என்றார். விதவைகள், கல்யாணம் கட்டாதவர்கள், அவர்கள் எல்லாரும் கன்னியாஸ்திரிகள் அல்ல. வேண்டுமானால் விட்டுவிட்டுப் போகலாம்.

"ஒரு அறையில எத்தினை பேர்?" என்று சிவனேஸ்வரி கேட்டார்.

வசதியானவர்களுக்குத் தனி வீடு இருந்தது என்றார் அந்தப் பெண். மழை விடும்வரை சிவனேஸ்வரி அந்த வீடுகளின் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொலறஸ் அவரைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பொலிசுக்குச் சொல்லியாகிவிட்டது, கோச் காத்துக்கொண்டிருந்தது. கோச்சின் முன்சீற்றில் கமலாம்பிகை வெளிறிப்போய் இருந்தார். பயந்திருந்தார் என்பது உண்மை. அது வாயால் வரும்போது வேறாகத்தான் வந்தது.

"வாய்க்காலுக்குள்ள விழுந்து துலைஞ்சிட்டியள் எண்டு நினைச்சன்."

"உங்களுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை."



வீட்டுக்கு வந்த அன்றே சிவனேஸ்வரி மகனைக் கூப்பிட்டார். நகர கவுன்சிலில் வயதுபோனவர்களுக்குத் தனி பிளாட் கொடுக்கிறார்கள், தனக்கு ஒன்று வேண்டும் என்றார்.

"உங்களுக்கு விசரே அம்மா? மகன் இருக்கேக்க தாய் தனிய இருக்கிறா எண்டால் சனம் என்ன சொல்லும்?"

"சனம் என்னோட அந்த அறையில படுக்கேல்லை."

கமலாம்பிகை மட்டும் அடுப்படியிலிருந்து, "போக விருப்பமெண்டால் போகட்டுமன்," என்றார். அந்த வீட்டில் தனக்குத் துணைநின்ற ஒரே ஆள் கமலாம்பிகைதான் என்பது சிவனேஸ்வரிக்குப் பெரிய எரிச்சல்.

விண்ணப்பம் ஒன்றரை வருடம் இழுத்தது. நோர்பரிப் பக்கம் கீழ்த்தளத்தில் ஒரு பிளாட் கிடைத்தது. சண்டைக்கு ஆளில்லாமல் முதல் மாதங்களில் அவர் மெலிந்துபோனார் என்று யோகராஜா சொன்னான். பிறகு பக்கத்துப் பிளாட் ஜமைக்காக் கிழவியோடு ரிவியில் ரெனிஸ் ஆட்டம் பார்க்கத் தொடங்கினார். பேரப்பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வந்தார்கள். கமலாம்பிகை ஒருநாளும் வரவில்லை. வரச்சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை.

தொண்ணூற்றெட்டில் கமலாம்பிகைக்கு இருதய ஒப்பரேசன் நடந்தது. டொலறஸ் பிளாட்டுக்கு வந்து, தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

"பார்க்க வரேல்லையோ அன்ரி? பழசை எல்லாம் மறவுங்கோ."

"நான் வாறதை அவ விரும்பமாட்டா. எனக்கும் விருப்பமில்லை. இதிலயாவது எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து இருக்கட்டும்," என்றார் சிவனேஸ்வரி.

டொலறசுக்கு ரீ ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்து முடித்துத் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.