இருசப்பன் கோத்த சங்கிலி

இருசப்பனுக்குப் பிழைப்பு கூலி வேலை, பைத்தியம் கபடி. தியாகதுருகம் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊர் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர்.

அணியில் ஊர்த்தெருப் பையன்கள் பாதி, காலனிப் பையன்கள் பாதி. பொங்கல் போட்டியைத் தொடங்கி வைக்கும் பெரிய மனிதர்கள் இதைப் பார்த்துத்தான் மைக்கில் தேசிய ஒற்றுமை என்று உருகுவார்கள். ஒற்றுமை மைக்கோடு சரி. பாடி வருபவனை மடக்கக் கைகோத்துச் சங்கிலி போட வேண்டுமல்லவா? ஊர்க்காரன் கையும் காலனிக்காரன் கையும் சேர வேண்டிய இடத்தில் மட்டும் சங்கிலி அறுந்தே கிடக்கும். ரிஷிவந்தியம் அணிக்கு அந்த ஓட்டை மனப்பாடம். வருஷா வருஷம் அதன் வழியாகவே புகுந்து தப்பித்துவிடுவார்கள்.

இந்தத் தடவையும் தோற்றால் அணியைத் தெருவுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவது என்று ஊரில் பேச்சு. பெற்ற பிள்ளையைப் போல இருசப்பன் கட்டிக் காத்தது அந்த அணியைத்தான்.

அப்போதுதான் சுபல் கண்ணில் பட்டான். செல்லமுத்துவின் வயலில் நடவு நட வங்காளத்திலிருந்து வந்து, மோட்டார் கொட்டகையில் தங்கியிருந்தவன். அவன் ஊரிலும் இந்த ஆட்டம் உண்டாம். இருசப்பன் அவனைக் கூட்டிவந்து ஓட்டை விழும் இடத்தில் நிறுத்தினார்.

"இவங்க இன்னா ஆளுங்க?" என்று இழுத்தான் செல்லமுத்துவின் மகன் இளஞ்செழியன்.

"உங்களாட்டம் நெலபுலம் உள்ளவங்கதான் தம்பி" என்றார் இருசப்பன்.

காலனிப் பக்கமிருந்து இருசப்பனின் மகன் ஆகாஷும் அதையே கேட்டான்.

"நம்மளாட்டம் கூலிக்காரன்டா."

ஒரு பொய், ஒரு மெய். இருவரும் சுபலுக்கு ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். சங்கிலி முழுசானது.

இறுதி ஆட்டத்தில் ரிஷிவந்தியத்துக் கலையரசன் பழைய ஓட்டையைத் தேடி வந்து வந்து சுபலிடம் மாட்டினான். ஆட்டம் முடியப் போகிற நேரம். ஒரு புள்ளி முன்னிலை. இருசப்பன் காதைச் சொறிந்தார். உடனே சுபல் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றான். அவுட்! புள்ளி சமம்.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்கான் அவன்?" என்று கத்தினார் செல்லமுத்து.

"கோடு தெரியலையாட்டம் இருக்குதுங்க" என்றார் இருசப்பன், பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி. தோற்றால் அணியே இல்லை.

கடைசியாகக் கலையரசன் சிரித்துக்கொண்டே பாடி வந்தான். ஓட்டை திரும்பவும் திறந்திருந்தது. அதன் இரு பக்கமும் இளஞ்செழியனும் ஆகாஷும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யோசிக்க நேரமில்லை. இளஞ்செழியன் கையை நீட்டினான். ஆகாஷ் இறுக்கிப் பிடித்தான். கலையரசன் அதில் சிக்கித் தொப்பென்று விழுந்தான்.

கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. சுபல் பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான்.

"அண்ணா, நீ காது சொறிஞ்சுது, நான் வெளியே போச்சு. சரியா?"

"கம்முனு இருடா!"

பக்கத்திலிருந்த செல்லமுத்து இருசப்பனை முறைத்தார். அப்புறம் களத்தைப் பார்த்தார். அங்கே அவருடைய மகனும் ஆகாஷும் பிடித்த கையை விட மறந்து குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்பா, அடுத்த வருஷமும் காதைச் சொறிவியா?"

"இல்லீங்க" என்றார் இருசப்பன். "அரிப்பு நின்னுபோச்சுங்க."